சுவரில் மாட்டிய சொட்டு

ஆகஸ்ட் 3

மச்சான்,

நான் சிரிச்சதாலதான் அடிச்சேன்னு எழுதியிருக்க. சரி, சிரிச்சேன், ஒத்துக்கறேன். அதுக்குப் படம் பிடிக்கிற மெஷின் ஸ்டாண்டைக் கழட்டியா அடிப்பாங்க? கன்னத்துல ஒரு அறை விட்டிருந்தா போதாதா? உன் வலது கையை ஷெட்டுக்குள்ள புகுந்தவனுங்க உடைச்சுட்டுப் போய் அஞ்சு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள இடது கையாலயே என் தாடையை ரெண்டு இடத்துல பிளந்துட்ட. ரெண்டு கையும் நல்லா இருந்திருந்தா உங்க அக்கா இன்னிக்கு என் போட்டோவுக்கு ஃப்ரேம் போட்டிருப்பா.

மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்துக் கம்பியால கட்டி வச்சிருக்காங்க. ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல உங்க அக்காவுக்குக் கிடைச்ச முதல் லீவு இது. வீடு நிம்மதியா இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டிருந்தா, என் காதுல விழுந்துச்சு. சாப்பாடு எல்லாம் ஸ்ட்ரா வழியாத்தான். டீயும் ஸ்ட்ராவுலதான்.

இதைப் பிரிச்சுப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, நாங்க மாமன் மச்சான். இப்படித்தான் பேசிக்குவோம். இதுக்குத் தனியா ஒரு கேஸ் எழுதிடாதீங்க.

அன்னிக்கு நடந்ததை வக்கீல் கேக்கறாருன்னு எழுதியிருக்க. நான் பாத்ததைச் சொல்றேன். நீ மருந்து காய்ச்சறவன், நான் அதைப் படம் பிடிக்கிறவன். காலையில பத்து மணி இருக்கும். இருட்டு ரூமுல கறுப்புத் திரைக்குள்ள கண்ணாடித் தட்டுல ஒரு சொட்டு இருமல் மருந்தை வச்சுட்டு, கரண்ட் விசையை அழுத்தப் போறேன். வெளியே பாட்டில் உடையற சத்தம். ஒண்ணு ரெண்டுன்னா பாட்டில் கழுவறவ கை நழுவ விட்டுட்டான்னு விட்டிருப்பேன். இது நிக்கவே இல்ல, மழை மாதிரி.

திரையை விலக்கிப் பாத்தா, நம்ம மருந்தைக் குடிச்சுச் செத்த மூணு பிள்ளைங்கள்ல ஒண்ணோட அப்பன், அந்த லாரி டிரைவர், உன் முன்னாடி நிக்கறான். கையில ஜாக்கி ராடு. அவன் பின்னாடி பத்துப் பதினஞ்சு பேர் கத்தறாங்க, அவன் மட்டும் கத்தல. உன் வலது கையைப் பிடிச்சு, பாட்டில் மூடி போடற மேஜை மேல வச்சு, "இந்தக் கையாலதானே கலக்கின?"ன்னு கேட்டான். நீ பதில் சொல்றதுக்கு முன்னாடியே அடிச்சுட்டான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பல்லுல இருக்கு. நான் என்ன பண்ணேன்னு கேக்காத. மெஷின் மேஜைக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். அறுபத்தாறு வயசுல அவ்வளவு வேகமா குனிய முடியும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

டிரம்மைக் கவுத்தானுங்க. கேமராவை மிதிச்சானுங்க. தரையெல்லாம் கணுக்கால் வரைக்கும் சிரப்பு. அதுல ஒருத்தன் வழுக்கி விழ, வேற எவனோ அவன் மண்டையிலயே போட்டான், பாவம், நம்ம ஆளுன்னு நினைச்சு. மேஜைக்கு அடியில என் முட்டியெல்லாம் கண்ணாடித் துண்டு. அவனுங்க போன பிறகு எழுந்து பாத்தா, உடையாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். சுவத்துல மாட்டியிருந்த அந்தச் சொட்டுப் படம். ஒரு கீறல் கிடையாது.

அதைப் பாத்தேன். சிரிச்சேன். நீ அடிச்ச. அவ்வளவுதான்.

ஏன் சிரிச்சேன்னு கேக்கற. பயத்துல சில பேருக்கு அழுகை வரும், எனக்கு இப்படி வந்துச்சுன்னு வச்சுக்கயேன்.

உன் மாமா


ஆகஸ்ட் 11

மாமா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து சிறு பிள்ளையுடையது போல இருக்கும். அதைக் கிண்டல் செய்து பதில் எழுத வேண்டாம்.

நீங்கள் எழுதுவதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறீர்கள். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், சிரித்துப் பாருங்கள். என் வரிசையில் ஒரு திருட்டுக் கைதி இருக்கிறார். இறந்த பிள்ளைகளில் ஒருவனுடைய சித்தப்பா அவர். திங்கட்கிழமை குளிக்கும் இடத்தில் என் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தினார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவை வெளியே தூக்கும்போதும் ஒரு வயதைச் சொன்னார். "நாலு." "ஆறு." "ரெண்டரை." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 6 அன்று விசாரணை. தெரிந்தே விஷச் சரக்கை வாங்கிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சினேன் என்கிறார் அரசு வக்கீல். தெரிந்தே செய்ததாக முடிவானால் நான் வெளியே வரும்போது எனக்கு உங்கள் வயது ஆகியிருக்கும். வராமலே போனாலும் போகலாம்; தொட்டி இங்கேயேதான் இருக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் முதல் மருந்தைக் காய்ச்சினோம். வெளி ஆய்வகத்தில் சுத்தம் என்று சான்று வாங்கினோம். அதில் ஒரு சொட்டைத் தட்டில் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, அதைச் சுற்றிப் பிறந்த நீல ஒளியை நீங்கள் படம் பிடித்தீர்கள். கறுப்பின் நடுவே ஒரு பூ போல இருந்தது. அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினேன். அதற்குப் பிறகு காய்ச்சும் ஒவ்வொரு கொப்பரை மருந்தும் அந்தப் பூவைப் போல ஒளிர்ந்தால் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் சாக்கடைக்குப் போகும்.

போன டிசம்பரில் திடீரென்று ஒன்றும் பொருந்தவில்லை. இதழ்கள் குட்டையாக வந்தன. தண்ணீரை மாற்றினேன். சர்க்கரையை மாற்றினேன். கொப்பரையையே மாற்றினேன். நான்கு கொப்பரை மருந்தைச் சாக்கடையில் ஊற்றினேன். கடைசியில் மருந்தில் சேர்க்கும் கெட்டியான இனிப்புச் சாற்றை வேறு வேறு இடங்களிலிருந்து தருவித்துப் பார்த்தேன். ஐந்தாவது இடத்து டிரம்மில் செய்தது சுவரில் இருந்த பூவைப் போலவே பூத்தது. அந்த டிரம்தான் விஷம்.

வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதை நான்தான் நிறுத்தினேன். படம் இருக்கும்போது அது எதற்கு என்ற திமிர். அது என் குற்றம். அதற்கான தண்டனையை வாங்கிக்கொள்கிறேன். தெரிந்தே செய்தேன் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

இரண்டு கேள்விகள். ஒன்று: ஒவ்வொரு சோதனையையும் ஒழுங்காகச் செய்தீர்களா, இல்லை உட்கார்ந்த இடத்தில் "சரி" என்று எழுதிவிட்டீர்களா? இரண்டு: ஏன் சிரித்தீர்கள்? பயத்தில் சிரிப்பவரை எனக்குத் தெரியும். நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை.


ஆகஸ்ட் 19

மச்சான்,

கையெழுத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. கோழி கிளறின மாதிரி இருக்குன்னு உங்க அக்காதான் சொன்னா.

தொட்டி விஷயத்தை அவகிட்ட படிச்சுக் காட்டல. அவ நெத்தியில ஏற்கெனவே ஏழு தையல். போன செவ்வாக்கிழமை ஜன்னல் வழியா செங்கல்லு வந்து விழுந்துச்சு. அவ காய் நறுக்கிட்டு இருந்தா. ரத்தம் கண்ணுல வழியுது, அப்பவும் கத்தியைக் கையை விட்டுப் போடல. வாசல்ல போய் நின்னு, "எவன்டா அது, நேர்ல வாடா"ன்னு கத்தினா பாரு, தெருவே கதவைச் சாத்திக்கிச்சு. நான் உள்ள மூக்கால முனகிட்டு நின்னேன். நல்லவேளை, கடைசியில அவ வீசின கத்தி எவன் மேலயும் படல, எதிர் வீட்டுத் தண்ணி டேங்கைத்தான் குத்திச்சு.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். உட்கார்ந்த இடத்துல எழுதினேனான்னு கேட்டியே, அதுக்குப் பதிலா, இன்னொரு தாடை இருந்தா அதையும் நீ உடைச்சிருக்கலாம், நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஸ்டுடியோவுல முப்பது வருஷம் அடுத்தவன் மூஞ்சியைப் படம் பிடிச்சவன்டா நான். பள்ளிக்கூடத்துல அஞ்சைத் தாண்டல, ஆனா படம் பிடிக்கறதுல ஏமாத்தினதில்ல. ஒவ்வொரு கொப்பரை மருந்துக்கும் மூணு சொட்டு. ஒரே உயரத்துலேருந்து. நடுவுல தட்டைத் துடைச்சு, காய வச்சு. தட்டுக்கு அடியில இருக்கிற உலோகத்துக்கு ஒரே அளவு கரண்ட். சொட்டைச் சுத்தி நீலமா பொறி கிளம்பும்போது மூச்சுக்கூட விட மாட்டேன். மூணு படத்தையும் சுவத்துப் படத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, இதழை எண்ணி, நீளம் பாத்துத்தான் எழுதுவேன். அந்த அஞ்சாவது டிரம்முக்கு ஆறு சொட்டு எடுத்தேன், நம்ப முடியாம. ஆறும் அச்சு அசல்.

மெஷின் பொய் சொல்லல மச்சான். ஆனா மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். தட்டுல இருக்கறதும் சுவத்துல இருக்கறதும் ஒண்ணா, இல்லையா. அவ்வளவுதான் அது சொல்லும்.

நான் இப்போ ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு நாளா பேனாவைக் கடிச்சுட்டு இருக்கேன். கடிக்கவும் முடியல, கம்பி கட்டியிருக்கு. இருட்டு ரூமுக்குள்ள டீ கிளாஸைக் கொண்டு போகாதீங்கன்னு நீ தினமும் கத்துவியே. பால் இல்லாம, அஞ்சு ஸ்பூன் சர்க்கரை போட்டு, பாகு மாதிரி. "மாமா, அந்தக் கருமத்தைக் குடிச்சுட்டு உள்ள போங்க"ன்னு. நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

அதைப் பத்தி என்னமோ எழுத வந்தேன். மறந்துட்டேன். வயசாயிடுச்சு.

உன் மாமா


ஆகஸ்ட் 27

மாமா,

அக்கா வந்து போனாள். நெற்றிக் கட்டைப் பார்த்தேன். டிரைவர் பேச்சை எடுத்தாலே நீங்கள் எழுந்து போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறீர்களாம். என் விசாரணைக்குச் சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டால், ஸ்ட்ராவில் டீயை உறிஞ்சிச் சத்தம் போட்டுக் காட்டுகிறீர்களாம். அவள் அழுதாள். என்னைத் தொட்டியில் அழுத்தியபோதுகூட நான் அழவில்லை, அவள் அழுதபோது அழுதேன்.

நேராகவே கேட்கிறேன். சுவரில் இருந்த படத்தைப் போலீஸ் எடுத்துப் போய் முதல் சாட்சிப் பொருளாகச் சீல் வைத்திருக்கிறது. அது ஒன்றுதான் எனக்காகப் பேசும். அது ஏழு வருடத்துக்கு முன் சுத்தமான மருந்தில் எடுத்த படம், அதை நம்பித்தான் என் மச்சான் அந்த டிரம்மை வாங்கினான் என்று நீங்கள் கூண்டில் ஏறி எழுதிக் கொடுக்க வேண்டும். எடுத்தவர் நீங்கள். வேறு யாரும் சொல்ல முடியாது.

வரவில்லை என்றால், என்றைக்காவது நான் வெளியே வருவேன். அன்றைக்கு ஸ்டாண்டைத் தேட மாட்டேன். வெறும் கையே போதும். மீதியிருக்கும் பல்லையெல்லாம் அக்கா கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். இது கிண்டல் இல்லை.


செப்டம்பர் 2

மச்சான்,

பல்லைப் பிடுங்க நீ வரிசையில நிக்கணும். உனக்கு முன்னாடி ஆள் வந்தாச்சு.

நேத்து மத்தியானம் டிரைவர் வந்தான். உங்க அக்கா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தா. தனியாத்தான் வந்தான். ராடு இல்ல. மேஜை மேல ஒரு பாட்டிலை வச்சான். நம்ம பாட்டில். அடியில கால்வாசி மீதி இருந்துச்சு. கழுத்துல ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் கட்டியிருந்தாங்க.

"எம் பொண்ணு குடிச்ச மீதி"ன்னான். பிறகு சொன்னான், "அவ வேணாம்னு அழுதா. கசக்குதுப்பான்னா. நான்தான் மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன். நாலு நாள். நான் ஊத்தினேன்யா. ஊத்தினது நான். இப்போ சொல்லு, ஊத்த வச்சது யாரு? உள்ள இருக்கானே அவனா, வேற யாராவதா?"

மச்சான், எனக்கு எப்பவும் வாயில ஒரு கிண்டல் தயாரா இருக்கும். செத்த வீட்டுலகூட இருக்கும், உனக்குத் தெரியும். நேத்து தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஒரு சீட்டை எடுத்து நாலு வரி எழுதினேன். அவன் ரெண்டு தடவை படிச்சான். மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டான்.

"எந்தக் கையால எழுதுவ?"ன்னு கேட்டான். வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் என் இடது கையை எடுத்துக்கிட்டான். அந்த ஸ்பூனுக்குப் பக்கத்துல வச்சு, ஒரு விரல். நிறுத்தினான். இன்னொண்ணு. நிறுத்தினான். மூணாவது. பின்னாடி பக்கமா மடக்கி, நிதானமா. வாய் கட்டியிருக்கா, கத்தக்கூட முடியல, மூக்கு வழியா வந்த சத்தம் எனக்கே மாடு மாதிரி கேட்டுச்சு. "வலது கை கோர்ட்டுக்கு. ஆறாம் தேதி அங்க எழுதிக் குடு. குடுக்கலன்னா அதுக்கும் வருவேன்"னு சொல்லிட்டு, பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். போகும்போது கதவைச் சத்தம் வராம சாத்தினான்.

சீட்டுல என்ன எழுதினேன்னு இந்தக் கடுதாசியில எழுத மாட்டேன். ஜெயில் ஐயா படிக்கறதுக்கு முன்னாடி நீ தெரிஞ்சுக்கணும். அஞ்சாம் தேதி உன்னைப் பாக்க மனு போட்டிருக்கேன். அக்காவும் வர்றா. அவளுக்கும் தெரியாது.

உன் மாமா


செப்டம்பர் 5, ஜெயில், பாக்க வர்றவங்க ரூம்

மச்சான்,

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காதுல வச்சுக்கிட்டு முறைக்காத. கீழ வை. எனக்கு எங்க பேச்சு? நான் ரெண்டு ரெண்டு வரியா எழுதறேன், உங்க அக்கா தூக்கிக் காட்டுவா, நீ படிச்சுட்டுத் தலையை ஆட்டு. தாளை அவதான் பிடிச்சுக்கறா. என் இடது கை இப்போ வெறும் கட்டு.

இளைச்சுட்ட. காதுக்குப் பின்னாடி என்ன, தோல் உரிஞ்சிருக்கு? தொட்டியா? சரி, சரி, கேக்கல.

ஏன் சிரிச்சேன்னு கேட்டல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் எதையும் நேரா சொன்னதில்ல, இன்னிக்கும் வரல, கொஞ்சம் பொறு.

போன டிசம்பர்ல ஒரு நாள் வேலை இல்லாம இருட்டு ரூமுல உக்காந்திருந்தேன். கையில டீ கிளாஸ். அந்த டீயில ஒரு சொட்டைத் தட்டுல விட்டு விசையை அழுத்தினேன். சும்மா. வந்துச்சு பாரு ஒரு பூ! உன் மருந்தைவிட நீள நீள இதழு. என் வாழ்க்கையில அப்படி ஒரு படம் பிடிச்சதில்ல.

தலையை ஆட்டு. ஆட்டலயா. பரவாயில்ல.

ரெண்டு பட்டம் வாங்கின மச்சானுக்கு மருந்துக்கும் என் டீக்கும் வித்தியாசம் தெரியுதா பாப்போம்னு, ஃப்ரேமைப் பிரிச்சு டீப் படத்தை முன்னாடி வச்சு மாட்டிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுல சொல்லி உன்னை அழ வைக்கணும்னு திட்டம். அதுக்குள்ள நீ கடைக்காரங்க எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்துட்ட. அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு, "இதுதான் சுத்தமான மருந்தோட முகம்"னு பிரசங்கம் பண்ண. நான் துண்டை வாயில அடைச்சுக்கிட்டுத் திரைக்குள்ள உருண்டேன். அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது?

மறுநாள் சொல்லலாம்னு வந்தா, மருந்து படத்தோட பொருந்தலன்னு நீ பாட்டிலைத் தூக்கி, கழுவறவ தலைக்கு மேல சுவத்துல அடிச்ச. கண்ணாடி அவ முதுகெல்லாம் குத்திச்சு. அந்தக் கோவத்தைப் பாத்தேன், வாயை மூடிக்கிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அடுத்த மாசம்னு நினைச்சேன். அதுக்குள்ள நீ அஞ்சாவது டிரம்மைக் கண்டுபிடிச்சுட்ட. படம் சரியா வந்துச்சு. அப்பாடா, தொல்லை விட்டுச்சுன்னு நினைச்சேன்டா. ஆறு சொட்டு எடுத்துட்டு நானே "சரி"ன்னு எழுதினேன்.

நீ நல்ல மருந்தைச் சாக்கடையில ஊத்தினது என் டீக்காக. அந்த விஷத்தைத் தேடிப் பிடிச்சது என் டீ மாதிரி இருக்கணும்னு. அன்னிக்கு எல்லாம் உடைஞ்சு, உன் கை உடைஞ்சு, ஷெட்டுல மிஞ்சினது அந்த டீச் சொட்டு ஒண்ணுதான். அதைப் பாத்ததும் எனக்கு வந்தது சிரிப்புதான். வேற என்ன வரணும்னு எனக்குத் தெரியல.

உங்க அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பிப் படிக்கறா. ஏய், நேரா பிடி.

கண்ணாடியை ஏன்டா குத்தற? உன் கைதான் போகும், அது கெட்டிக் கண்ணாடி. ரத்தம் வருது பாரு. ஜெயில் ஐயா, விடுங்க, அவனைப் பிடிக்காதீங்க, குத்தட்டும், என்னைத்தான் குத்தறான். வெளி லேபுக்கு அனுப்பாதது உன் தப்பு, அதை நீயே சுமந்துக்க. மத்தது என்னோடது. உக்காரு. இன்னும் ஒண்ணு இருக்கு, நல்ல சேதி. நான் எப்பவும் கடைசியிலதானே சொல்வேன். உக்காருடா.

எங்க போற? அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு. மச்சான். உங்க அக்காவும் தாளைத் தூக்கிக் காட்ட மாட்டேங்கறா. தூக்குடி, அவன் போறான். ரெண்டு வரிதான். நாளைக்குக் கூண்டுல ஏறி நான் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன். கிழவன் மச்சானைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு அவங்க சொல்வாங்க. சொல்லட்டும். என்கிட்ட அத்தாட்சி இருக்கு. உன் அசல் படத்தை நான் தூக்கிப் போடல மச்சான், அந்தச் சீல் வச்ச ஃப்ரேமுக்குள்ளயே, டீப் படத்துக்குப் பின்னாடி, பழைய தேதியோட பத்திரமா

தூக்கிக் காட்டுடி, கதவு வரைக்கும் போயிட்டான்